கடலுக்கு முன் ஒரு கிணறு

போடி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இம்மானுவேலுக்கு நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. கொச்சியில் வேலை பார்க்கும் மகள் பிரின்சி, அப்பாவின் பிறந்தநாளுக்கென்று சனிக்கிழமை முழுக்க ஒரு மீன்பிடிப் படகை வாடகைக்குப் பேசிவிட்டாள். தூண்டில், மதியச் சாப்பாடு எல்லாம் படகிலேயே. அப்பாவும் மகளும் மட்டும்.

பிள்ளை ஆசையாகச் செய்கிறாள், போய்விட்டு வரவேண்டியதுதானே என்று கேட்கலாம். வாய் சும்மா இருந்திருந்தால் போகலாம். முல்லையாற்றில் முங்கிப்போன கூட்டாளியை முடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்த கதையை, அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சோற்றோடு சேர்த்து ஊட்டியவர் இவர். நடந்தது என்னவோ உண்மை. ஆனால் முங்கினது இவர், இழுத்துப்போட்டது அனுமந்தன்பட்டி சுருளிராஜன். ஆளை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

வரமாட்டேன் என்று சொல்ல மானம் விடவில்லை. வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம், மாற்றுத்துணி எல்லாம் பையில் வைத்தாயிற்று. கொச்சிக்குப் போகும் போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் குடலைக் கக்காமல் போய்ச்சேர அது போதும். கடலுக்கு எது போதும்? வியாழக்கிழமை காலை பஸ் ஏறி சுருளிராஜன் தோட்டத்துக்கு வந்துவிட்டார், ஐம்பது வயதைத் தாண்டி ஒரே நாளில் நீச்சல் பழக.

எதற்கெடுத்தாலும் கேலி பேசும் சுருளிராஜன் இன்றைக்குச் சிரிக்கவில்லை. காலி எண்ணெய் கேன் ஒன்றை முதுகில் கட்டி, திராட்சைப் பந்தலை ஒட்டியிருந்த கிணற்றுக்குள் இம்மானுவேலை இறக்கினார்.

"பிடிச்சிருக்க படிய விடு மாப்ள. கேன் ஒன்னைய மெதக்க வச்சிரும்."

விரல் விடவில்லை. கால் தரையைத் தேடியது, தரை இல்லை. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியதும், அன்றைக்கு மூக்கில் ஏறிய அதே ஆற்றுச் சேற்று வாடை வந்தது. இம்மானுவேல் கர்த்தரைக் கூப்பிட்டார். கர்த்தர் வருவதற்குள் கேன் ஒருபக்கமாகப் புரண்டுவிட்டது. வாய்நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

மேலே ஏறி வந்த பிறகும் பல் அடித்துக்கொண்டது. அந்நேரம் பார்த்துப் பிரின்சி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, நடுக்கடல்ல படக நிப்பாட்டி, நீச்சல் தெரிஞ்சவுகள எறங்க விடுவாகளாம். எனக்கும் தெரியும்னு சொல்லி வச்சிட்டேன். லைஃப் ஜாக்கெட்டெல்லாம் கழட்டிட்டு நான் மொதல்ல குதிச்சிருவேன்."

"ஒனக்கு எங்க பாப்பா நீச்சல் தெரியும்?"

"தெரியாது. நீங்க தூக்கிருவீகல்ல."

இதுவரை பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பிள்ளை குதிப்பதும், இவர் படகின் விளிம்பைப் பிடித்தபடி அலறுவதும் கண்ணுக்குள் ஓடின. மானமாவது மண்ணாவது.

"பாப்பா, ஆத்துல முங்குனது நாந்தான். தூக்குனது சுருளிராஜன் மாமா. எனக்கு நீச்சல் தெரியாது. நீ தண்ணியில மட்டும் எறங்கிராத தாயி." சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார்.

மகள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று இம்மானுவேல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமாட்ட குடுங்க," என்றாள்.

சுருளிராஜன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். "சொல்லு ஆத்தா," என்றதோடு சரி, அதற்கப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"என்னடா சொன்னா?"

"சனிக்கிழம நீ கண்டிப்பா வரணுமாம். ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு, படகுக்குள்ளயே ஒக்காந்து மீன் பிடிப்பீகளாம்." சுருளிராஜன் இம்மானுவேலின் முதுகில் இருந்த கேனின் கட்டை அவிழ்த்தார். "'அன்னைக்கு நீங்க அப்பா முடிய விட்டிருந்தா நான் ஏது, மாமா'ன்னு கேக்குறா."