பொற்கொடியின் சந்தேகம்

பிரவீனாவோடு அன்றாடம் பேசுகிற ஒரே ஜீவன் பொற்கொடிதான். அதுவும் வாய்ப்பேச்சு இல்லை, எழுத்துப் பேச்சு. நீட் பயிற்சி நிறுவனம் ஒன்றின் செயலியில் பிள்ளைகள் சந்தேகம் கேட்பார்கள். பீளமேட்டு வாடகை அறையில் உட்கார்ந்து பிரவீனா பதில் அடிப்பாள். வெள்ளகோவிலில் அம்மா, மகளுக்குக் கோயமுத்தூரில் வேலை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் இருந்தால் மட்டும் போன் செய்வாள்.

நிறுவனம் ரொம்பக் கறார். ஆசிரியர் தன் பெயர் சொல்லக் கூடாது, சொந்தக் கதை கூடாது. பிரவீனாவுக்குச் செல் உயிரியல் மட்டும். 'சந்தேகம் தீர்ந்தது' என்று அவள் அழுத்திவிட்டால் பிள்ளை அடுத்த பாடத்துக்கு, வேறு ஆசிரியரிடம் போய்விடும். பிறகு திரும்பி வராது.

மற்ற பிள்ளைகள் எல்லாம் மரபியலுக்குப் போயாகிவிட்டது. ஈரோட்டுப் பக்கம் ஒரு விடுதியில் இருந்த பொற்கொடி மட்டும் தினமும் மாலை அதே கேள்வியோடு வந்து நிற்பாள்.

"டீச்சர், சென்ட்ரோமியருக்கும் சென்ட்ரோசோமுக்கும் என்னங்க வித்தியாசம்?"

பிரவீனாவும் சளைக்காமல் சொல்வாள். குரோமோசோமில் இரண்டு குரோமாட்டிடுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இடுப்புதான் சென்ட்ரோமியர். உட்கருவுக்கு வெளியே இருந்துகொண்டு, செல் பிரியும்போது கதிர்கோல் இழைகளை விடுவது சென்ட்ரோசோம். மண்டு, எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது என்று செல்லமாகத் திட்டிக்கொள்வாள். திட்டிவிட்டு மறுநாள் மாலைக்குக் காத்திருப்பாள்.

அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுக்க நாதியில்லை. கண் எரியப் பதில் அடித்ததில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டாள்.

உடனே பதில் வந்தது. "இல்லீங் டீச்சர், மாத்திப்போட்டீங்க. இழை விடறது சென்ட்ரோசோமுங்க. அதுக்குள்ளதான் ரெண்டு சென்ட்ரியோல் இருக்குமுங்க. ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா?"

பிரவீனா அதை இரண்டு முறை படித்தாள். "எல்லாம் தெரிஞ்சுதான் தெனமும் கேட்டியா கண்ணு?"

 பொற்கொடி அடித்தாள், "இங்க ஆரும் எங்கூடப் பேசறதில்லீங்க. டவுட் கேட்டா நீங்க பதில் போடுவீங்க. கோவிச்சுக்காதீங் டீச்சர்."

நாளைக்கும் அதையே கேள் என்று அடித்தாள் பிரவீனா. அனுப்பும் பொத்தானைத் தட்டினால் போதும், இருவருக்கும் துணை. ஆனால் பரீட்சை நெருங்கிவிட்டது. பிள்ளைக்குப் பாதிப் பாடம் பாக்கி. இத்தனை நாள் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டது தன் சுயநலமும்தான் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. அடித்ததை அழித்தாள்.

"என் பேரு பிரவீனா. காய்ச்சல்தான் கண்ணு, உடம்பப் பத்தி நீ கேட்டதே போதும். பக்கத்துக் கட்டில் புள்ளைக்கு இந்த வித்தியாசத்தச் சொல்லிக்குடு. அவளுக்கும் கொழப்பமாத்தான் இருக்கும். போயிப் பேசு."

அனுப்பிவிட்டு, மனசு மாறுவதற்குள் 'சந்தேகம் தீர்ந்தது' என்பதை அழுத்தினாள். பொற்கொடியின் பெயர் திரையிலிருந்து போயிற்று.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. விட்டதா என்று யாரும் கேட்கவில்லை.