பாரம் வைத்த அளவு

"அசையாம உட்காரு சாயிரா. நீ அசைஞ்சா அளவு மாறுது."

காருக்கு அடியிலிருந்து அலாவுதீனின் குரல் வந்தது. பின்சீட்டில் இரண்டு நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சாயிரா பானு, "மூச்சாவது விடலாமுங்களா?" என்று கேட்டாள். கீழே அவர் சிரிப்பது கேட்டது.

பெருமாநல்லூரில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் பனியனுக்குக் காலர் பின்னும் எட்டு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. போன வருஷம் அவற்றை மகன் ஆதிப்பிடம் விட்டுவிட்டு, முப்பது வருஷமாக வீட்டில் நின்ற அம்பாசிடரின் பக்கம் திரும்பியிருந்தார் அலாவுதீன். மேட்டில் ஏறும்போது அதன் கியர் தானாக விழுந்துவிடும். உடுமலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை அப்படி விழுந்து, வண்டி பின்னால் உருண்டு, லாரியின் மூக்கில் உரசி நின்றது. இனி இந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சாயிரா அன்றே சொல்லிவிட்டாள். அவர் வாதாடவில்லை. கோயம்புத்தூரில் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஓர் ஐந்து கியர் பெட்டியைப் பிடித்துவந்து மாட்டினார்.

பெட்டி பழையதைவிட நீளம். அதிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புக் குழாயை, அந்த புரப்பல்லர் ஷாஃப்ட்டை, அதற்குத் தக்கபடி குறைக்க வேண்டியிருந்தது. முதல் தடவை வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே அளந்து கொடுத்துவிட்டார். வெட்டி வந்த ஷாஃப்ட் காலி வண்டியில் பொருந்தியது. நாலு பேர் ஏறி, வண்டி ஒரு வேகத்தடையில் இறங்கியதும் ஷாஃப்ட் கியர் பெட்டியில் போய் இடித்தது. ஆள் உட்கார்ந்து, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது எடுப்பதுதான் அளவு என்று லேத் பட்டறை ஈஸ்வரமூர்த்தி பிறகு சொன்னார்.

அதனால்தான் இன்று நான்கு சக்கரங்களும் மரக்கட்டைகள்மேல் நின்றன. மூன்று நாளாகக் கூப்பிட்டும் வராத சாயிரா, பத்து மணிக்கு வேலையாட்களுக்கு டீ ஊற்றி முடித்துவிட்டு வந்து ஏறியிருந்தாள்.

விடியலுக்கு முன்பே எழுந்தவள். நூல் மூட்டை தோளுக்கு மெத்தென்று இருந்தது. மிஷின்கள் ஒரே சீராக இழுத்து இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தன. இந்த வாரத்தில் யாரும் அவளை ஓரிடத்தில் உட்காரச் சொன்னதில்லை. கண்ணை மூடினாள்.

கரண்ட் போய் மிஷின்கள் நின்றபோது விழித்தாள். வாயோரம் ஈரமாக இருந்தது.

"என்னங்க, ஆச்சுங்களா?"

பதில் இல்லை. அவர் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தாள். அசையக் கூடாது என்பதும் நினைவிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது அவள் குரல் மாறியிருந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தாள். அவர் மல்லாந்து கிடந்தார். டேப் சுருண்டு தன் பெட்டிக்குள் போயிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

ஆதிப்பும் வேலையாட்களும் இழுத்து வெளியே எடுத்தார்கள். காலர் கட்டுகள் ஏற்றியிருந்த வேனில், அவற்றை இறக்கிவிட்டு அவரை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் அவர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாள், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"எப்பங்கம்மா இப்படி ஆச்சு?"

"இப்பத்தானுங்க. பேச்சு வரலைன்னதும் இறங்கிப் பார்த்துட்டேன். அஞ்சு நிமிஷம்கூட இருக்காதுங்க."

அது அவள் யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் டாக்டர் அதைத் தாளில் எழுதியதும் பொய் அங்கேயே நின்றுவிட்டது. "மாரடைப்பு மாதிரி தெரியுது. வரும்போதே உயிர் இல்லீங்கம்மா" என்றாள் டாக்டர். சுவரில் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. பத்து மணிக்கு ஏறியதை சாயிரா எண்ணிப் பார்த்தாள். உடனே எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேள்வி நிற்கவில்லை. யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவள் காதருகே வந்து கேட்டார்கள். எப்படி ஆச்சு? கூப்பிட்டாரா? நீ எங்கே இருந்தே? அவள் அதையே சொன்னாள். பேச்சு வரலை, உடனே இறங்கிட்டேன். சொல்லச் சொல்ல வாக்கியம் வழவழப்பாகிக்கொண்டு வந்தது.

"ஆமாங்க, மாமி கத்துன சத்தம் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் மருமகள் தபஸ்ஸும். அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. சாயிரா நிமிர்ந்து பார்த்தாள். தபஸ்ஸும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

குளிப்பாட்டும்போது, அவர் விரலிடுக்கில் இருந்த கிரீஸ் போகவில்லை என்று ஆதிப் உள்ளே வந்து மண்ணெண்ணெய் கேட்டான். சாயிரா தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். "இதுலயே போகும். மெதுவாத் தேய்க்கச் சொல்லு" என்றாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அவரைச் சுமந்த சந்தூக் வாசலைத் தாண்டிப் போயிற்று.

மாலையில் ஈஸ்வரமூர்த்தி வந்தார். கணவர் இறந்த பிறகான தனிமைக் காலத்துக்கு, இத்தாவுக்கு, சாயிரா உள்ளறையில் உட்கார்ந்தாயிற்று. ஜன்னலுக்கு வெளியே அவரும் ஆதிப்பும் பேசுவது கேட்டது.

"ஆளை உட்கார வெச்சு அளங்க பாய்னு சொன்னது நான்தானுங்க தம்பி. நானே வந்து அளந்திருக்கோணும். ஒரு வேலை, ஒரு வேலைன்னு தள்ளிப்போட்டேன்."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்கண்ணா. அம்மா பக்கத்துலயேதான் இருந்தாங்க. உடனே பார்த்துட்டாங்க. அப்பவும் நம்மளால ஒண்ணும் செய்ய முடியலைங்களே."

ஈஸ்வரமூர்த்தி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. சாயிரா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தன் பொய் இன்னொருவருக்கு ஆறுதலாகப் போவதைக் கேட்டுக்கொண்டு இருப்பது, அழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை தபஸ்ஸும் டீயோடு வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"மாமி, நேத்து நான் அடுப்படியில இல்லீங்க."

சாயிரா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பத்தரை இருக்கும். மாமாவுக்கு டீ கொண்டுபோனேன். வெளிய வந்து கட்டை மேல உட்கார்ந்திருந்தாங்க. அளவு எடுத்தாச்சுன்னாங்க. நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க. மாமியை எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவ தூங்கி எத்தனை நாளாச்சோ, நான் இன்னொருக்கா அளந்துக்கறேன், அது வரைக்கும் தூங்கட்டும்னு சொல்லிட்டு மறுபடி அடியில போனாங்க."

சாயிரா தன் டம்ளரைப் பார்த்தாள்.

"டீ குடிச்சாரா?"

"பாதி குடிச்சாங்க." தபஸ்ஸும் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "நெத்தியெல்லாம் வேர்வை மாமி. துண்டுல தொடைச்சுக்கிட்டே இருந்தாங்க. வெயிலுக்குன்னு நினைச்சிட்டேன். உடம்பு சரியில்லீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்காம டம்ளரை வாங்கிட்டு வந்துட்டேன்."

கதவு தட்டப்பட்டது. தபஸ்ஸும் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆதிப் உள்ளே வந்தான். கையில் நூல் அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டு இருந்தது.

"காருக்கு அடியில கிடந்துச்சும்மா. ஈஸ்வரண்ணன் ஷாஃப்ட்டை அவரே சரி பண்ணித் தர்றேங்கிறாரு, அளவு கேட்டாரு." அட்டையை நீட்டினான். "நாப்பத்தி நாலேகால் இஞ்சுன்னு எழுதியிருக்காரு. அதுக்குக் கீழயும் நாப்பத்தி நாலேகால். ஒரே அளவை எதுக்கு ரெண்டு தடவை எடுத்தாருன்னு தெரியலை."

பென்சில் எழுத்து. இரண்டாவது வரி முதல் வரியைப் போலவே நிதானமாக இருந்தது. சாயிரா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தபஸ்ஸும் கதவோரம் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் தூங்கிட்டேன் ஆதிப்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னது பொய். கார்ல ஏறி உட்கார்ந்ததும் தூங்கிட்டேன். கரண்ட் போன அப்புறம்தான் முழிச்சேன். உங்க அத்தா அளந்து முடிச்சிட்டு, நான் தூங்கறதைப் பார்த்துட்டு, எழுப்ப வேண்டாம்னு மறுபடி அளந்திருக்காரு. அந்த ரெண்டாவது அளவு அதுக்குத்தான்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

கதவோரத்தில் அசைவே இல்லை.

"முப்பத்தாறு வருஷம் கூட இருந்தேன்" என்றாள் சாயிரா. "தெரியும்."

ஆதிப் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். மறுபக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் ஏதாவது கேட்பான் என்று சாயிரா காத்திருந்தாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். நேற்றிலிருந்து அவன் எங்கேயும் உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் தூக்கம் வருதும்மா" என்று மட்டும் சொன்னான்.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். ஈஸ்வரமூர்த்தியின் மனைவி பழனியம்மாள் இட்லி கொடுத்தனுப்பியிருந்தாள். தபஸ்ஸும் போய் தூக்குப் பாத்திரத்தை வாங்கி வந்து நடுவில் வைத்தாள். முந்தின நாள் காலையிலிருந்து வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. சூட்டோடு அடைத்ததில் மூடி இறுகிப்போயிருந்தது. தபஸ்ஸும் திருகிப் பார்த்தாள், வரவில்லை.

"இரு கண்ணு" என்று சாயிரா முன்னால் நகர்ந்து, பாத்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தபஸ்ஸும் மேலே திருகினாள்.