ஒரு சதவீதக் கை

பற்பசை மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். மூன்று மாதமாக இப்படித்தான். அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து நீராவி இஸ்திரி இயந்திரம் வலது உள்ளங்கையை அமுக்கிப் பிடித்த நாளிலிருந்து விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. கையின் எரிச்சல் அடங்கிவிட்டது. மேற்பார்வையாளர் மீதிருந்த எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து, "நீதானேம்மா கவனிக்காம கைய விட்டே" என்று நாக்கூசாமல் சொன்ன மனிதர் அவர். அந்த ஆளை விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சலவைக்கூட அலுவலகத்தில் நஷ்டஈட்டை மதிப்பிடக் காப்பீட்டு அதிகாரி காத்திருந்தார். அவளோடு அங்கேயே வேலை பார்க்கும் நாத்தனாரும் வந்திருந்தாள்.

"உங்க உள்ளங்கை அளவு வெந்தா, உடம்புல ஒரு சதவீதம்னு கணக்கும்மா. எத்தனை உள்ளங்கை வெந்திருக்கு?" என்றார் அதிகாரி.

"அளக்கிற உள்ளங்கையேதான் சார் வெந்துபோச்சு."

மேற்பார்வையாளர் முந்திக்கொண்டார். "அப்ப ஒரு சதவீதம்தான். கையெழுத்தப் போடும்மா, இன்னிக்கே காசோலை வாங்கிட்டுப் போயிடலாம்." பேனாவை நீட்டினார். அவள் வலது கையால் வாங்கினாள். அது நழுவி மேசையில் உருண்டது.

"துணி பிழிய முடியல, பொண்ணுக்குத் தலை பின்ன முடியல. இதெல்லாம் எந்தச் சதவீதத்துல வருது சார்?"

அதிகாரிக்கு முகம் சுருங்கியது. "சரிதான்மா. கை எவ்வளவு வேலை செய்யுதுன்னுதான் பார்க்கணும். டாக்டர் சான்றிதழ் வரட்டும், அப்புறம் தொகை போடலாம். ஆனா விபத்துக்குக் காரணம் உங்க கவனக்குறைவுன்னு இருக்கே?"

நாத்தனார் கைபேசியை நீட்டினாள். விபத்து நடந்த நாளின் வேலைப் பதிவேட்டுப் படம். மேற்பார்வையாளரின் கோழிக்கிறுக்கல்: 'வேலை வேகமாக நடக்க, இயந்திரத்தில் கை சிக்காமல் இருக்கப் போட்ட தடுப்புத் தகட்டைக் கழற்றி வைக்கவும்.'

மேற்பார்வையாளருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அம்மா, அத மட்டும் எழுத வேணாம்னு சொல்லும்மா. என் வேலையே போயிடும். நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

இதைக் கேட்கத்தானே மூன்று மாதம் காத்திருந்தாள்! அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"எழுதுங்க சார். ஒரு எழுத்து விடாம எழுதுங்க."

வாசலில் கூடி நின்ற சலவைக்கூடப் பெண்கள் பக்கம் திரும்பினாள். "நல்லாக் கேட்டுக்கோங்கடி. காயம் ஆறி முழு நஷ்டமும் தெரியற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. நம்ம மேலதான் தப்புன்னு இவங்க எழுதினத அப்படியே விட்டா, அடுத்து வேகப்போறது உங்க கை!"