யார் அடியில் யார்

கொசு அடிக்கப் பீரங்கி எதற்கு என்றுதான் ஆன்லின் ஆரம்பித்தாள். தன் நிச்சயதார்த்தத்தன்று மாதா கோயில் மண்டபத்துப் பெரிய டிவியில் இரண்டு வீட்டுப் படங்களும் ஒவ்வொன்றாக வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கென்று ஒரு மென்பொருள், அதற்கொரு சந்தா எல்லாம் தண்டம். வெப் பேஜ் செய்வது அவள் பிழைப்பு. கொஞ்சம் எச்டிஎம்எல், மிச்சமெல்லாம் எது எங்கே எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற சிஎஸ்எஸ். ஒரு ஸ்லைடுக்கு ஒரு முழுத் திரை. தள்ளினால் அடுத்தது வந்து கச்சிதமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்கிரிப்ட் ஒரு வரிகூடக் கிடையாது, எந்த போனிலும் திறக்கும் என்று அவளுக்கு ஒரே பெருமை.

எந்த போனிலும் திறக்கும் என்பதுதான் வினையாகப் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா அருளானந்தத்தின் போனிலும் அது திறந்தது.

அருளானந்தம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. மகன் செல்வினுக்குப் பாரிஸ் பக்கம் வேலை, லீவில் வந்திருந்தான். ஆன்லினுக்கு அப்பா இல்லை. அம்மா டெய்சி நெடுங்காட்டில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் செய்கிறாள். சமையல்காரி மகளுக்குப் பாரிஸ் மாப்பிள்ளையா என்று தெருவே வாயைப் பிளந்தது. ஆன்லினுக்குப் பாரிஸ் ஒரு பொருட்டில்லை. வீடியோ காலில் ஜோக் சொல்ல ஆரம்பித்து, முடிப்பதற்குள் தானே சிரித்துவிடும் செல்வினை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனோடு வாழலாம் என்று நம்பினாள்.

முதல் போன் அருளானந்தத்திடமிருந்து வந்தது.

"ஏம்மா, எல்லாம் ஷோக்காத்தான் இருக்கு. ஆனா எங்க வூடு கீழல்ல வருது?"

"கீழயா மாமா?"

"மொதல்ல உங்க அம்மா. தள்ளுனா அதுக்குக் கீழ நாங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பொண்ணு வூட்டுக்குக் கீழயா வர்றது?"

சரி, பெரியவர். ஆன்லின் வரிசையை மாற்றி அவர்களை முதலில் போட்டாள். டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி போன்.

"இப்ப தள்ளுனா நாங்கள்லாம் மேல போயிடுறோமேம்மா! நல்ல காரியத்துல மேல போறதென்ன பேச்சு?"

ஆன்லினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம் என்று பக்கவாட்டில் ஓடும்படி மாற்றினாள். ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரிதான் அவள் எரிச்சலுக்கே காரணம். நாள் பூரா உட்கார்ந்து செய்கிற வேலையாக இருந்திருந்தால் கேட்கிறவர்கள் யோசித்திருப்பார்கள். ஒரு வரி என்று தெரிந்தால் ஊருக்கே யோசனை பிறக்கிறது.

அடுத்த யோசனை செல்வினின் அத்தை டெல்பினுக்குப் பிறந்தது. "உங்க அம்மா படம் வந்து எங்கள ஓரங்கட்டிட்டுல்ல நிக்கிது? இப்பவே ஓரங்கட்டுனா நாளைக்கு என்ன கதி?"

அன்று ஆன்லின் லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு செல்வினைக் கூப்பிட்டாள். "உங்க வீட்ல கொஞ்சம் பேசுங்களேன். ஸ்லைடுன்னா நகரத்தான் செய்யும்."

"அவங்க சொல்றத செஞ்சிடேன் ஆன்லின்," என்றான் செல்வின், வெல்லக்கட்டி மாதிரி. "உனக்கு ஒரு வரிதானே?"

செய்தாள். எதுவுமே நகராதபடி எல்லா ஸ்லைடுகளையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பெயரை அழுத்தினால் அந்த ஸ்லைடு மட்டும் மெல்லத் தெளியும், மற்றவை மங்கிவிடும். மேல் கீழ் ஓரம் எதுவும் இல்லை. இனி எவன் என்ன சொல்லிவிட முடியும் என்று அனுப்பி வைத்தாள்.

"அடுக்குனேங்குறியே," என்றார் அருளானந்தம். "அப்ப அடியில யாரு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அடுக்கில் எது மேலே என்று சொல்வதற்கு சிஎஸ்எஸ்ஸில் ஓர் எண் உண்டு. மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொருவருக்கும் பெரிய எண்ணாகக் கொடுத்தாள். அம்மாவுக்குப் பூஜ்யம். போட்டுவிட்டுத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து செல்வின் அவள் வீட்டுக்கே வந்தான். டெய்சி ஆசை ஆசையாகக் கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். இலையில் உட்காரும் முன்பே அவன் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"உங்க அம்மா ஸ்லைடு இருக்குல்ல, அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. அப்பாவோட ஆளுங்க பிரான்சுலேர்ந்து வர்றாங்க. அந்தக் கரண்டியும் கையுமா..."

விடுதியில் எடுத்த படம். சோற்று அண்டாவுக்குப் பின்னால் டெய்சி, சுற்றிலும் தட்டோடு பிள்ளைகள், எல்லோர் வாயிலும் சிரிப்பு. கீழே 'டெய்சி, விடுதிச் சமையலர்' என்று ஆன்லின் எழுதியிருந்தாள். அவள் இன்ஜினியரிங் படித்தது அந்த அண்டாச் சோற்றுக் காசில்தான்.

"எடுத்துடணுங்குறீங்களா?"

"சேச்சே, அழிக்கச் சொல்லல. மறைச்சா போதும். சிஎஸ்எஸ்ல 'டிஸ்ப்ளே நன்'னு ஒண்ணு இருக்குல்ல? தேடிப் பாத்தேன். கோடுல அத்தை இருப்பாங்க. வெளிய தெரிய மாட்டாங்க, அவ்ளோதான்."

மறைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் ஆள் தெரியாது; ஆனால் அந்த ஆளுக்கான இடம் காலியாக அப்படியே நிற்கும். இவன் சொன்ன வகையில் இடமும் போய்விடும். அடுத்தவர் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்வார். இத்தனை நாளில் அவள் வேலையைப் பற்றி இவன் தேடித் தெரிந்துகொண்டது இந்த ஒன்றைத்தான்.

"செஞ்சிடுடி," என்றாள் டெய்சி, அடுப்படி வாசலில் நின்றபடி. "எம் மூஞ்சி டிவில வந்து என்ன ஆவப்போவுது? நீ நல்லாருந்தா போதும்."

"பாரு, அத்தையே சொல்லிட்டாங்க!" செல்வினுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மாமாவ விடுங்க," என்றாள் ஆன்லின். "அந்தப் படம் இருக்கணுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

அவன் இலை முன்னால் உட்கார்ந்தான். "எனக்கென்ன, எதுன்னாலும் ஓகேதான்."

ஆன்லின் எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தாள். அம்மா சோறு போட்டு, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோதே வேலை முடிந்துவிட்டது. திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அண்டாவும் கரண்டியும் பிள்ளைகளுமாக டெய்சி நின்றாள். செல்வின் இடது கையால் மேலே தள்ளிப் பார்த்தான், பக்கத்தில் தள்ளிப் பார்த்தான். வேறு எதுவும் வரவில்லை; அழுத்துவதற்கு அவன் வீட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை.

"எங்க வூட்டு ஸ்லைடெல்லாம் மறைச்சிட்டியா?"

"இல்ல. அழிச்சிட்டேன்."

"கோவத்துல பண்ணாத ஆன்லின். நிச்சயதார்த்தத்துக்குள்ள திரும்பப் போட்டுடலாம்."

"நிச்சயதார்த்தத்தையும் சேத்துத்தான் சொல்றேன்," என்றாள் ஆன்லின். "கொழம்பு ஆறுது. சாப்டுட்டுக் கெளம்புங்க."