பின்வரிசை டிரம்

காலையில் எழுவேன். பல் தேய்ப்பேன். அடுப்படியில் அம்மா காபியை மூடி வைத்திருப்பாள், ஆறியிருந்தாலும் குடித்துவிடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். பூட்டைத் திறந்து, கதவை இரண்டு பக்கமும் விரியத் தள்ளிவிட்டு, உள்ளே தேங்கிய வாடை போகட்டும் என்று சிறிது நேரம் வெளியே நிற்பேன். பிறகு முன்வரிசை டிரம்மில் கைப்பம்பைச் செருகி, கேன் நிறைய டீசல் எடுப்பேன். மூடியைத் திருகுவேன். தரையில் சிந்தியிருந்தால் மரத்தூள் தூவிப் பெருக்குவேன். கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்து, இன்ஜினில் ஊற்றி, கிளப்பிவிட்டு, வரப்பில் உட்காருவேன். மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் ஓடும்.

இதில் எதையும் நான் யோசித்துச் செய்வதில்லை. எல்லாம் என் மனைவி ஏற்படுத்திய முறை. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. அப்பா போனதும் நான் நிலத்துக்குத் திரும்பவேண்டி வந்தது. அவளும் வந்தாள். அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்க பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பங்க்கின் பின்னறையில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். "எங்க வீட்ல சென்ட்டே வாங்கினதில்ல, அப்பா சட்டையே போதும்" என்பாள்.

கல்யாணமான புதிதில் கொட்டகையைப் பார்க்க வந்தாள். அப்போது நான் டீசலைச் சமையல் எண்ணெய் வந்த வெள்ளைக் கேன்களில், வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வைத்திருந்தேன். பக்கத்திலேயே விதை மூட்டைகள்.

"இது என்ன?"

"டீசல்."

"நான் எண்ணெய்னு நினைச்சேன். அத்தையும் அப்படி நினைச்சா?"

அம்மா ஏற்கெனவே நினைத்திருந்தாள். ஒருமுறை கேனை மாற்றி எடுத்துப்போய் வாணலியில் ஊற்றிவிட்டாள். நல்லவேளை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. அதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"மாமியார வறுத்தெடுக்கறது என் வேலைடா. நீ ஏன் முந்திக்கிட்ட?"

அம்மா முன்னால் எனக்கு 'நீங்க'தான். கொட்டகைக்குள் 'நீ', 'டா' எல்லாம் உண்டு.

மறுவாரமே அவள் அப்பா, அதாவது என் மாமா, வேலை பார்த்த பங்க் வழியாக, டீசலுக்கென்றே செய்த கனமான நீல பிளாஸ்டிக் டிரம்கள் வந்தன. வெள்ளைக் கேன்கள் போயின. விதையும் உரமும் வேறு அறைக்குப் போயின. கொட்டகையின் வடக்கு மூலையில், வெயில் எட்டாத இடத்தில், முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்து ஒரு தொட்டி மாதிரி கட்டினாள். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. சுவர் இன்றும் ஒரு பக்கம் கோணல்தான். ஒரு டிரம் வெடித்தாலும் டீசல் மொத்தமும் அதற்குள்ளேயே நிற்கவேண்டும் என்பது அவள் கணக்கு. உள்ளே மரப்பலகை, பலகை மேல் டிரம். வாசலில் மணல் வாளி. டிரம்மைக் கழுத்துவரை நிரப்பவிடமாட்டாள். "சூட்டுக்கு அது உப்பும். ஒரு சாண் இடம் விடு. நமக்கு மட்டும்தான் மூச்சு வேணுமா?" வண்டியில் வைத்தபடியே நிரப்பவும் கூடாது. தரையில் இறக்கி, குழாயை அடிவரைக்கும் விட்டு, மெதுவாக ஊற்றவேண்டும். வேகமாக ஊற்றினால் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஏறி நிற்கும், ஒரு பொறி போதும் என்பாள். அதை அவள் சொல்லும் விதம் வேறு: "இது உன்ன மாதிரி. கோவத்த உள்ளயே வச்சுக்கும், இறக்கிவைக்கத் தெரியாது."

ஒவ்வொரு டிரம்மின் வயிற்றிலும் நிரப்பிய மாதத்தை வெள்ளை பெயிண்டில் எழுதுவாள். பழசு முன்னால், புதுசு பின்னால். முன்னால் இருப்பது காலியானதும் பின்னால் இருப்பது ஒரு இடம் முன்னேறும்.

அவள் போன பிறகு இந்த ஒரு முறையை மட்டும் நான் கைவிட்டேன். அவள் கடைசியாக நிரப்பிய டிரம் பின்வரிசையில் நின்றது. புதிதாக வந்ததையெல்லாம் அதற்கு முன்னால் வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை கைப்பம்பு காற்றை உறிஞ்சியது. முன்வரிசை டிரம் காலி. பக்கத்தில் இருந்ததும் காலி. டீசல் வாங்க டவுனுக்குப் போயிருந்த டிராக்டர் டிரைவர், காலிக் கேன்கள் கடகடக்கத் திரும்பி வந்தான். எல்லாரும் அவனை ஹாரன் என்றுதான் கூப்பிடுவோம். காரணம் சொல்லத் தேவையில்லை.

"அண்ணா, டேங்கர் லாரிக்காரங்க ஸ்ட்ரைக். பங்க்ல கயிறு கட்டிட்டானுங்க. ஒரு சொட்டு கிடையாது. எப்ப முடியும்னு கேட்டா, அவன் என்னையே கேக்கறான், உனக்கு ஏதாவது தெரியுமான்னு. நான் என்ன மந்திரியா?"

"பக்கத்துத் தோட்டம்?"

"கேட்டாச்சு. அவரு என்கிட்ட கடன் கேக்கறாரு, டீசல்." மூச்சு வாங்கிக்கொண்டு பின்வரிசையைப் பார்த்தான். "அதான் ஒன்னு முழுசா நிக்குதே."

"அது வேண்டாம்."

"ஏன்?"

நான் காலி டிரம்மின் மூடியைத் திருகினேன். அவன் டிரம்மின் மேலிருந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டான்.

மக்காச்சோளம் அப்போது கதிர் பிடிக்கும் பருவம். பட்டு நூல் மாதிரி குஞ்சம் தள்ளியிருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் கதிர் வரும், மணி இருக்காது. மத்தியானத்துக்குள் இலைகள் சுருள ஆரம்பித்துவிட்டன. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் நின்றேன். இலைகள் காலையிலேயே சுருண்டு கிடந்தன.

அம்மாவுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. என்னிடம் பேசாமல் மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா மொபெட்டில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. கொட்டகைக்கு வெளியே செருப்பை உதறிவிட்டு, சட்டைப்பையிலிருந்த செல்போனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பங்க்கில் பழகிய பழக்கம். கோணல் சுவரைப் பார்த்தார்.

"இது அவ கட்டினதா?"

"ஆமா மாமா."

"படிக்கும்போது கோடு போடச் சொன்னாலும் இப்படித்தான் போடுவா." சுவரைத் தாண்டி உள்ளே போய் டிரம்மைத் தட்டினார். மேலே வெறும் சத்தம். கீழே கனத்த சத்தம். ஒரு சாண் இடம் விட்டிருந்தது அப்படியே கேட்டது. அவர் தலையாட்டினார். வெள்ளை எழுத்தைத் தடவவில்லை. அதற்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, நான் உங்களுக்குப் புத்தி சொல்ல வரல."

"தெரியும் மாமா."

"டீசலுக்கும் ஆயுசு இருக்கு. இப்ப பரவாயில்ல. இன்னும் ஒரு கோடை போனா அடியில பாசி மாதிரி கட்டும். அப்புறம் இன்ஜின்ல ஊத்த முடியாது, மண்ணுல கொட்டவும் முடியாது. சும்மா வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அதுவும் எத்தன நாளைக்கு? டிரம்மும் வெடிச்சிடும்."

"இது தீந்துட்டா..." என்றேன்.

அவர் காத்திருந்தார். நான் முடிக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் சொன்னார்:

"தீரட்டும் மாப்ள. பயிருக்குப் போனாதான் அவ செஞ்ச வேலைக்கு மரியாதை. உங்களால முடியலன்னா நான் திறக்கறேன். இல்ல, நீங்க வேண்டாம்னு சொன்னா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடறேன். தப்பா நினைக்கமாட்டேன்."

ஹாரன் வாசலில் பெரிய ஸ்பேனரோடு நின்றான். எட்டு மாதமாகத் திறக்காத மூடி, இறுகிப் போயிருக்கும் என்று அவனே எடுத்து வந்திருந்தான்.

கொட்டகைக்கு வெளியே இன்னும் அதே வெயில். இலைகள் சுருண்ட நிலம் அங்கிருந்தே தெரிந்தது.

"நானே திறக்கறேன்" என்றேன்.

மூடியில் கை வைத்துத் திருகினேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. சுலபமாகச் சுற்றி வந்தது. டீசல் வாடை எழுந்தது. முன்வரிசை டிரம்மில் தினமும் வருகிற அதே வாடைதான். வேறு எதுவும் இல்லை. ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன் போல.

மாமாவின் முகம் மாறியது.

"என்ன மாப்ள, மூடி இவ்வளவு லூசா இருக்கு?"

அவர் பையிலிருந்து ஒரு நீளமான கண்ணாடிக் குழாயையும் பாட்டிலையும் எடுத்தார். குழாயின் மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்து அடிவரை இறக்கினார். விரலை எடுத்து, மறுபடி அடைத்து, தூக்கி, பாட்டிலில் விட்டார். பாட்டிலைக் கோணல் சுவர்மேல் வைத்தார். மூன்று பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். டீசல் தேன் நிறத்தில் தெளிந்தது. அடியில் மெல்லிய கோடாகத் தண்ணீர் பிரிந்து நின்றது.

"பகல்ல உப்பும், ராத்திரி சுருங்கும். சுருங்கறப்ப மூடி லூசா இருந்தா வெளியில இருக்கற ஈரத்தயும் இழுத்துக்கும்" என்றார். "அவளுக்கு இது தெரியாததில்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்கு முன்னாடியே மூடி போடக் கத்துக்கிட்டவ. எப்படி இப்படி விட்டா?"

"டீசல் ஆகுமா, ஆகாதா? அதச் சொல்லுங்க" என்றான் ஹாரன்.

"ஆகும். பம்ப அடிவரைக்கும் விடாத. ஒரு சாண் மேல நிறுத்து. துணியில வடிகட்டி எடு."

வடிகட்டினோம். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துப் புனலில் வைத்து, கேன் கேனாக. மாமா துணியை அடிக்கடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்ஜினில் ஊற்றியதும் இரண்டு முறை முக்கியது. ஹாரன் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. குழாயின் வாயிலிருந்து முதலில் காற்றும் சகதியும் வந்தன; பிறகு தண்ணீர். ஹாரன் மண்வெட்டியோடு வாய்க்காலைத் திருப்பிவிட ஓடினான்.

நானும் மாமாவும் இன்ஜின் பக்கத்தில் நின்றோம். தண்ணீர் முதல் பாத்தி முடிந்து இரண்டாவதுக்குள் இறங்கியது. அவள் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் கூடவே நடந்துபோயிருப்பாள். நான் வரப்பிலேயே நின்றேன்.

"மாப்ள, ஒன்னு கேக்கணும்."

இன்ஜின் சத்தத்துக்கு அவர் கொஞ்சம் உரக்கத்தான் பேசவேண்டியிருந்தது.

"கேளுங்க மாமா."

"சம்பந்தியம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. போகும்போது உங்கள நல்லா பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாள்னு. நான் உங்கள இதுவரைக்கும் கேட்டதில்ல." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்படியா சொன்னா?"

"இல்ல மாமா."

அவளுக்கு அப்படி ஆன அன்று மத்தியானம் அம்மா வீட்டிலேயே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அம்மா ஏதோ ஒன்றைச் சொல்லவேண்டியிருந்தது. நான் மறுக்கவில்லை.

மாமா பெருமூச்சு விட்டார். "அதான. அப்படியெல்லாம் பேசற ஆளே இல்லையே அவ." என் பக்கம் திரும்பி, "பின்ன?" என்றார்.

அந்த டிரம்மை அவள்தான் நிரப்பினாள். ஒரு சாண் இடம் விட்டாள். மாதத்தை எழுதினாள். டீசல் கெடாமல் இருக்கக் கலக்கும் மருந்து மறுநாள் காலையில்தான் வருவதாக இருந்தது. மூடியைப் போடக் குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். உள்ளங்கையெல்லாம் டீசலாக இருந்ததால் புறங்கையால் நெற்றியை அழுத்தினாள். தலை வலிக்கிறது, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்றாள். மூடியை என் கையில் கொடுத்துவிட்டு வாசல்வரை போனாள். போய்த் திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னாள். நான் மூடியைப் போட்டுவிட்டு, பெருக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனபோது அவள் எழுப்பியும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கண்ணைத் திறக்கவே இல்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசி எட்டு மாதம் இருக்கும்.

"மூடிய நான்தான் போட்டேன் மாமா. அவ சொன்ன மாதிரியே போட்டேன்."

"என்ன சொன்னா?"

இன்ஜின் இரைந்துகொண்டிருந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

"ரொம்ப இறுக்கிடாத. காலையில நான்தான் திறக்கணும்."