உருளக் கூடாதவளுக்கு ஒரு வேண்டுதல்

கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் காந்துகிறது. இதில் ஒரு சொல் பொய்யானாலும் அண்ணாமலையார் என் கண்ணைப் பறித்துக்கொள்ளட்டும். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எண்பத்துமூன்றாம் வருடம். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், எனக்கு வாடகை சைக்கிள் கடை. என் மனைவி கஸ்தூரிக்குப் பிறவியிலேயே ஒரு குறை. வலப் பக்க மார்பு வளர்ந்தது, இடப் பக்கம் வளரவில்லை. அதை மறைக்க ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்து, இடது தோளை முன்னால் தள்ளிக் குனிந்தே நடப்பாள். குனிந்து நடந்து நடந்து, தெருவில் காணாமல் போன கம்மல் திருகுகளையெல்லாம் அவள்தான் கண்டெடுத்தாள். நகை தொலைந்தால் எங்கள் தெருப் பெண்கள் போலீசுக்குப் போவதில்லை. கஸ்தூரி கடைக்குப் போய்வரும்வரை வாசலில் காத்திருப்பார்கள்.

மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா இதற்கு ஆபரேஷன் செய்கிறார், உள்ளே ஒரு பை வைத்துச் சமமாக்கிவிடுகிறார் என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்தாள்.

"எதுக்குடி இந்த வயசுல அழகு?" என்றேன்.

"அழகு யாருக்கு வேணும்? நிமிர்ந்து நடக்கணும். அவ்ளோதான். பயமா இருந்தா நீங்க கடையிலயே இருங்க, நான் எங்க அண்ணனைக் கூட்டிக்கினு போறேன்."

பயம் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். செஞ்சி வரும்போது பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. கண்டக்டர் வண்டியை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கிப் பார்த்தார். நான் இறங்கியதும் ஆட்டம் நின்றுவிட்டது. திண்டிவனத்துக்குள் என் தலை முழுக்க நரைத்துவிட, யாரோ புதுக் கிழவர் ஏறியிருக்கிறார் என்று எனக்கு இன்னொரு டிக்கெட் கிழித்தார்.

டாக்டரம்மா அந்தப் பையை என் கையில் வைத்தார். கண்ணாடி மாதிரித் தெளிவு, உள்ளே கூழ். என் உள்ளங்கையில் அது உயிருள்ளது போலத் துடித்தது.

"அய்யோ, ஆடுதுங்க."

"அது ஆடல. நீங்கதான் ஆடறீங்க. உக்காருங்க" என்றவர் கஸ்தூரியைப் பார்த்துச் சொன்னார்: "முன்னாடியே தெரிஞ்சுக்கோம்மா. இது ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்னு நான் சொல்லமாட்டேன். சில பேருக்குச் சுத்தியிருக்குற சதை இறுகி, கல்லு மாதிரி ஆயிடும். உணர்ச்சி கம்மியாகலாம். வருஷம் போனா திரும்ப ஒரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். இதெல்லாம் தெரிஞ்சும் வேணும்னா செய்யலாம்."

"வேணும்" என்றாள் கஸ்தூரி, மூச்சு விடாமல்.

நான் சைக்கிள் கடைக்காரன். அடைத்து வைத்த எதுவும் ஒருநாள் போய்விடும் என்பதைப் பார்த்துப் பார்த்து மனசு கெட்டவன். "பஞ்சர் ஆனா?" என்று கேட்டேன்.

"ஆகலாம்."

"புஸ்ஸுனு சத்தம் வருமில்லீங்களா?"

"வராது. உள்ளயே மெதுவாக் கசியும். அவங்களுக்கே தெரியாம இருக்கலாம். அதனாலதான் அப்பப்ப வந்து காட்டிட்டுப் போகணும்."

சத்தம் போடாத பஞ்சர் டியூப் என்றால் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பேன். கட்டிய மனைவியை எந்தத் தொட்டியில் அமுக்குவது?

தலைவலி மாத்திரைகூடத் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது, ரத்தம் நிற்காது என்றார். வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா, புகை பட்டால் புண் ஆறாது என்றார். என் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டு அந்த நிமிஷமே பயத்தில் நமத்துப் போனது. பிறகு வந்ததுதான் முக்கியம்: "ஆபரேஷன் முடிஞ்சதும் மல்லாந்துதான் படுக்கணும். கையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. குப்புறப் படுக்கவே கூடாது, மேல எதுவும் அழுத்தக் கூடாது. நான் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும். ஜுரம் வந்தாலோ, சிவந்தாலோ, திடீர்னு வீங்கினாலோ அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடணும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு மயக்க மருந்து கொடுக்காமலே மயக்கம் வந்ததால், அவளுக்கு முன்னால் என்னைத்தான் கட்டிலில் போட்டிருந்தார்கள்.

என் அம்மா ஜோதியம்மாளிடம் வயிற்றில் கல், எடுக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். மார்பு என்ற சொல்லை அம்மா எதிரில் உச்சரிக்கும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை. அந்தப் பொய்க்குத்தான் பிற்பாடு கப்பம் கட்டினோம்.

ஊர் திரும்பியதும் குடம் தூக்கியது நான். கஸ்தூரிக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னியதும் நான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டா காசி, வயித்துல ஆபரேஷன் பண்ணா கையை ஏன்டா தூக்க முடியல?"

"நரம்பும்மா. வயித்து நரம்பு கையிலதான் வந்து முடியுது."

"பின்னல் நல்லாத்தான் இருக்கு. எனக்கும் ஒண்ணு போடு."

தினமும் விடிந்ததும் கஸ்தூரியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டால் என் கை சுடுகிறதா அவள் நெற்றி சுடுகிறதா என்று புரியாது. தெர்மாமீட்டர் வாங்கினேன். பாதரசம் விறுவிறுவென்று ஏறி, முனையை உடைத்துக்கொண்டு ஓட்டுக்கு மேலே போய்விட்டது. நல்லவேளை, அதை அப்போது என் வாயில்தான் வைத்திருந்தேன்.

கஸ்தூரி மெல்ல நிமிர ஆரம்பித்தாள். துணி மடிப்புகளை எடுத்து அடுப்பில் போட்டாள். அந்த வாரம்தான் அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீங்க மெட்ராஸ் போன அன்னிக்கே நேர்ந்துக்கினேன். கஸ்தூரி நல்லபடியா திரும்பி வந்தா, பெரிய கோயில் பிராகாரத்துல அவ அங்கப்பிரதட்சணம் பண்ணுவான்னு. வர்ற பௌர்ணமிக்கு முடிச்சுடலாம்."

என் கையிலிருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது. குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு கருங்கல் தரையில் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிக் கூப்பி, குப்புறவும் மல்லாந்துமாகப் பிராகாரம் முழுக்க உருள வேண்டும். டாக்டரம்மா கூடாது என்று சொன்ன அத்தனையையும் பொறுக்கியெடுத்து ஒரே வழிபாடாகச் செய்தால், அதற்குப் பெயர்தான் அங்கப்பிரதட்சணம்.

"அடுத்த வருஷம் பாக்கலாமேம்மா."

"சாமிக்குத் தவணை சொல்றியா? எதிர்வீட்டு வேடியப்பன் மொட்டை போடறேன்னு நேர்ந்துட்டு ஏமாத்தினான். இப்ப அவன் தலையில ஒத்தை முடி நிக்குதா?"

வேடியப்பன் வழுக்கை ஊரறிந்தது.

அடுப்பங்கரையில் கஸ்தூரி கிசுகிசுத்தாள்: "அத்தகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன்."

"உங்க அம்மாதானே?"

"உன் மார்புதானே?"

அவள் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பொய் சொல்லிக் கட்டுன வேண்டுதல். பண்ணலேன்னா சாமி இன்னா பண்ணுமோனு பயமா இருக்கு. பண்ணா உள்ள கசிஞ்சுடுமோனு பயமா இருக்கு. கசிஞ்சு எடுத்துட்டாங்கன்னா... மறுபடியும் குனிஞ்சு நடக்க என்னால ஆகாதுங்க."

எரிகிற விறகை உள்ளே தள்ளிவிட்டு நான் கடைக்குக் கிளம்பினேன்.

பௌர்ணமி விடிகாலை. கஸ்தூரி குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு கொடிமரத்தின் எதிரே மண்டியிட்டாள். அவள் பல் தந்தியடித்தது குளிரால் என்று அம்மா நினைத்தாளோ என்னவோ. கையை மேலே தூக்கப் பார்த்தாள். தோளளவு போனதும் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் தூக்கினாள்.

நான் ஓடிப்போய் அங்கே நின்ற குருக்கள் காலில் விழுந்தேன். "சாமி, பொண்டாட்டி வேண்டுதலைப் புருஷன் பண்ணலாங்களா?"

குருக்கள் விபூதித் தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "அண்ணாமலையார் தன் இடப் பாகத்தையே அம்பாளுக்குக் குடுத்த ஸ்தலம் ஓய் இது. இங்க ஆம்படையான் உடம்பு வேற, பொண்டாட்டி உடம்பு வேறயா? தாராளமா உருளும்."

இடப் பாகம் என்றதும் கஸ்தூரி கண்ணைத் திறந்தாள். அம்மா மட்டும் விடவில்லை. "பாதி உடம்புனா பாதி வேண்டுதல்தானே சாமி கழியும்?"

"அப்போ உங்க பிள்ளை ரெண்டு சுத்து உருளட்டும்" என்றார் குருக்கள்.

குளத்தில் விழுந்து எழுந்து ஓடிவந்து படுத்தேன். பயத்தில் ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. இரண்டு சுற்றும் முடிந்து, கோபுர வாசலைத் தாண்டி, கிரிவலப் பாதையில் ஏறி, மலையையே சுற்றிக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலையில் ஒரு புண்ணியவான், உருள்கிற என் வாயில் ஒரு கிளாஸ் டீ ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வெயில் ஏறுவதற்குள் கொடிமரத்தடியில் வந்து முட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா என்னைக் கவனிக்கவில்லை. கஸ்தூரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடவையைத் தளர்த்திக் கட்டுடி" என்றாள் மெதுவாக. "இடப் பக்கம் அழுத்தாம."

கஸ்தூரி புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். "அத்த..."

"வயித்துல ஆபரேஷன் பண்ணவ வயித்தைப் பிடிச்சுக்கினு இருமுவா. வந்த அன்னிக்கு நீ எங்க பிடிச்சே? எனக்குக் கண்ணு இல்லையா?"

"தெரிஞ்சுமா என்னைய மண்டி போட விட்டீங்க?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நேர்ந்துக்கும்போது வயிறுனுதானே நெனச்சேன்? அப்பறம் தெரிஞ்சு, வாய் விட்டதைத் திரும்ப எடுத்தா உனக்கு எதனா ஆயிடுமோனு பயம்டீ. நீயாவது சொல்லுவே, சேர்ந்து பயப்படலாம்னு பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் எனக்கு மேல பயந்தாங்கொள்ளியா இருக்கீங்க."

மூவரும் வீட்டுக்கு நடந்தோம். கஸ்தூரி நடுவில், நிமிர்ந்து. அம்மா அவள் இடப் பக்கம் யாரும் இடித்துவிடாதபடி, வருகிற பௌர்ணமிக் கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மெட்ராஸ் போய்க் காட்டிவிட்டு வருகிறோம். இதுவரை கசிவில்லை, இறுக்கமில்லை. ஆனாலும் அடுத்த அறையில் கஸ்தூரி இருமினால் எனக்குக் கை கால் சில்லிட்டுவிடுகிறது.

அண்ணாமலையார் அந்த இடது கண்ணை எடுத்துக்கொள்ளலாம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.