கதவைப் பிடிக்க ஆள் வேண்டும்

பத்து மணிக்குத் தண்ணீர் மணி அடித்ததும் மூன்றாம் வகுப்பில் முப்பத்திரண்டு புட்டிகள் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் பெண்பிள்ளைகள் வரிசையை உற்றுப் பார்த்தால் தெரியும்: தொண்டை ஏறி இறங்கும், தண்ணீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? பிள்ளைகளின் நலனுக்காக அந்தப் பள்ளி அடுத்தடுத்து மூன்று நல்ல காரியங்கள் செய்திருந்தது. போன வருஷம் ஒரு குழந்தை தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் கழிப்பறைக்குள் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது. அதன் அப்பா வந்து தாம்தூம் என்று குதித்தார். தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார்கள். பிறகு, ஜோடி ஜோடியாகப் போய் அரட்டை அடிக்கிறார்கள் என்று வகுப்புக்கு ஒரே ஒரு மர அட்டை கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒருத்திதான் வெளியே போகலாம். கடைசியாக வந்தது தண்ணீர் மணி. நிறையக் குடி, தனியாகப் போ, கதவு சாத்தாது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. இடைவேளையில் கூட்டாளியை நிறுத்தினாலும், நாலாம் வகுப்புப் பயல்கள் கும்பலாக வந்து கதவைத் தள்ளிவிட்டு ஓடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

வக்கீலுக்கு எட்டு வயது. என்ன விதி சொன்னாலும் ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருப்பாள் என்பதால் வகுப்பு டீச்சர் வைத்த பெயர் அது. அம்மாவின் பாத்திரக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். சொன்ன விலைக்கு எதையும் வாங்கக் கூடாது என்பது பால்பல் விழுமுன்பே அவளுக்குத் தெரியும். போன வாரம் அவளுக்கு ஒன்றுக்குப் போனால் எரிந்தது, காய்ச்சலும் வந்தது. அடக்கக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வரும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

இன்று அவள் புட்டியைத் திறக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“குடிம்மா,” என்றார் வகுப்பு டீச்சர்.

“குடிக்கணுமா, குடிக்கிற மாதிரி செய்யணுமா, டீச்சர்?”

பின்வரிசையில் ஒருத்திக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

“இதைப் போய்ப் பெரிய டீச்சர்கிட்டயே கேளு.”

போனாள், புட்டியோடு. தலைமை ஆசிரியை மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்க, டீச்சர்.”

“முடியாது. போன வருஷம் பட்டதே போதும்.”

“அப்போ கதவைப் பிடிக்க ஒருத்தியைக் கூட அனுப்புங்க.”

“அனுப்பினா ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசிட்டு நிப்பீங்க.”

“அப்போ டீச்சருங்க பாத்ரூமைத் திறந்து விடுங்க.”

“நல்லா இருக்கே. நாளைக்கு என் நாற்காலியும் வேணும்பே.”

“அதுக்குத் தாழ்ப்பாள் இருந்தா யோசிக்கலாம்.”

பேனா நின்றது. வக்கீல் டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினாள். படித்த தலைமை ஆசிரியையின் முகம் கொஞ்சம் இளகியது.

“அடப் பாவமே. சரி, உனக்கு மட்டும் எங்க பாத்ரூம். வேணும்போது சாவி வாங்கிக்கோ. யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

வக்கீலின் அடிவயிறு உடனே சம்மதித்துவிட்டது. ஆனால் இந்த வியாபாரம் அவள் பார்த்துப் பழகியது. கடையில் சத்தம் போடுகிறவரை அம்மா ஓரமாகக் கூப்பிட்டு ‘உங்களுக்கு மட்டும்’ என்பாள். மற்றவர்கள் பழைய விலைக்கே வாங்கிப் போவார்கள்.

“எனக்கு மட்டும்னா வேண்டாம், டீச்சர்.”

“அப்போ அடக்கிட்டு உட்காரு.”

வக்கீல் மூடியைத் திருகினாள். அண்ணாந்தாள். மூச்சு வாங்காமல் அடி வரைக்கும் குடித்துவிட்டு, காலிப் புட்டியை மேசைமேல் வைத்தாள்.

“கொஞ்ச நேரத்துல எனக்கு வந்துடும். பிள்ளைங்க பாத்ரூமுக்குத்தான் போவேன். நீங்க வந்து கதவைப் பிடிங்க.”

“நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரியும். நீங்க பிடிச்சா எவனும் தள்ள மாட்டான்.”

“வர முடியாது.”

“சரி. நான் இங்கேயே நிக்கிறேன்.”

நின்றாள். அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டன. வக்கீல் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. தலைமை ஆசிரியை அவள் முகத்தைப் பார்த்தார், அவள் காலடியில் கிடந்த புது விரிப்பைப் பார்த்தார். இடைவேளை மணி அடித்தபோது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

வக்கீல் உள்ளே போனதும் கதவின் கைப்பிடியை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அதில் யாரோ காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய்ந்து வந்த நாலாம் வகுப்புப் பயல்கள் அவரைக் கண்டதும், ஏதோ மறந்துவிட்டவர்கள்போல் வந்த வழியே திரும்பினார்கள்.

வக்கீல் வெளியே வந்தபோது பதினோரு பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் கேட்காமலேயே உள்ளே நழுவினாள்.

“பிடிச்சுக்கோங்க, டீச்சர்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பியூன் ஓடி வந்தார். “மேடம், போன் வந்திருக்கு.”

“அப்புறம் பேசறேன்னு சொல்லு. தச்சரைக் கூப்பிடு. அவசரத்துக்கு வெளியில இருந்தும் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் வேணும்.”

“அவர் நாளைக்குத்தான் வருவார், மேடம்.”

“இன்னைக்கே வரச் சொல்லு.”

“அவர் வர்ற வரைக்கும் கையை எடுத்துடாதீங்க, டீச்சர்,” என்று சொல்லிவிட்டு, வக்கீல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட ஓடினாள்.